உச்சிக் கொண்டை போட்ட நாள்

வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? இப்போது யாரும் முயன்று பார்க்க வேண்டாம். நம் வயதில் தோள்பட்டை ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, பிறகு என்னைத் திட்டக் கூடாது.

நமக்கு வயது என்ன என்று அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பெரிய மழை பெய்த வருசம் என்பார்கள், செவலை மாடு கன்று போட்ட மறுநாள் என்பார்கள். கை காதை எட்டிவிட்டால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருடம். எட்டியவனுக்குப் பெரிய வாத்தியார் தானாக ஒரு பிறந்த தேதியையும் போட்டுக் கொடுப்பார். நம் செட்டில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருவது அந்தப் புண்ணியவானால்தான். பேரப்பிள்ளைகள் கேக் வாங்கி வருகிறார்கள், நாமும் வெட்கமில்லாமல் வெட்டிக்கொள்கிறோம்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், நான் மறுபடி படிக்கிறேன். தபால் வழியில் உளவியல். ஞாயிற்றுக்கிழமைகளில் தேனிக்கு பஸ் ஏறி, அல்லிநகரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வகுப்பு. மின்சார ஆபீசில் இத்தனை வருடம் குப்பை கொட்டியது போதாதா, இந்த வயதில் இது தேவையா என்று ஓசூரில் இருக்கும் மகன் கேட்டான். பொழுது போகவில்லை என்றேன். உண்மை அது இல்லை. அவன் அப்பா போன பிறகு வீட்டில் நானும் என்னை வளர்த்த அத்தையும்தான். அத்தைக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, பகலில் பாதி நேரம் தூக்கம். தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லாத நாட்கள் உண்டு. எங்கேயாவது போய் நாலு பேர் நடுவில் உட்கார வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து சாகும்வரை மனுசனின் மனசு எப்படி வளர்கிறது, சுற்றியிருக்கிறவர்கள் அதை எப்படி வளைக்கிறார்கள் என்பதுதான் முழுப் புத்தகமும். கடைசிப் பாடம் முதுமை. 'அதை நாங்க உங்களுக்கு நடத்துறோம் மேடம்' என்று வகுப்பில் நாங்கள் கிண்டல் செய்வோம். நடத்துகிற பெண்ணுக்கு என் மகனைவிட வயது குறைவு. போன மாதம் குழந்தைப் பருவம் நடத்தியபோது அவள் இந்தக் கை விஷயத்தை எடுத்தாள். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிசு, கை குட்டை. ஆறு ஏழு வயதில்தான் அந்தக் கணக்கு மாறுகிறது. "வளர்றது என்னமோ பிள்ளைதான். ஆனா அது எதுக்குத் தயாராயிருச்சுன்னு முடிவு பண்றது ஊரு" என்றாள். யாருக்காவது அனுபவம் இருக்கிறதா என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.

எனக்கென்று ஒரு கதை உண்டு. கல்யாண வீடுகளிலும் ஆபீஸ் பார்ட்டியிலும் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்த கதை. அன்றும் சொன்னேன், வகுப்பே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், இந்த முறை சிரிக்க வைக்காமல்.

குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி விட்டிருப்பார்களே, லயம், அதில் ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி. மழைக்காலத்தில் அடுப்படியில் ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காலில் ஏறிய அட்டையை அம்மா உப்பை வைத்து உதிர்த்து விடுவாள். அவள் சேலையில் பச்சை ஏலக்காய் வாசமும் புகை வாசமும் கலந்து வரும். என்னிடம் ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. காப்பிக்கொட்டை நிறம், மேல் பொத்தான் கிடையாது. மலைக் குளிருக்கு அதைப் போட்டுவிட்டு, பொத்தான் இல்லாத இடத்தில் அம்மா ஊக்கு குத்துவாள். கழுத்தில் அந்தக் கம்பளி அரிக்கும். அரிக்குது அரிக்குது என்று நான் நெளிவேன். 'குளிருக்கு அரிப்பு தேவல, சும்மா இரு' என்பாள்.

மாமா வீடு கீழே, கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. மாமா அம்மாவின் ஒரே அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. ஒரு தை மாதம் மாமா மலையேறி வந்தார், காப்பி குடித்தார், அப்பாவிடம் கேட்டார்.

"மூணு இருக்குல்ல மாப்ள. பொட்டப்புள்ளைய எங்களுக்குக் குடுத்துருங்க. நாங்க வளத்துக்கிறோம்."

"அதுக்கென்ன மச்சான், உங்க புள்ளதான" என்றார் அப்பா. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கேட்டால் இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. புருசன் சரியென்று சொன்ன பிறகு அந்த வாய்க்கு வேலையும் கிடையாது. நான் பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். குடுத்துருங்க என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. 'உனக்கு இருமலா இருக்குல்ல, கொஞ்ச நாளு கீழ போயி இருந்தா சரியாயிரும்' என்றுதான் என்னிடம் சொன்னார்கள்.

அம்மாதான் கொண்டுவந்து விட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் கிளம்பும்போது நான் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எப்ப வருவே, எப்ப வருவே என்று ஒரே அழுகை. அவள் குனிந்து என் வலது கையை எடுத்துத் தலைக்கு மேலே வளைத்துப் பார்த்தாள். விரல் நெற்றிப்பொட்டுவரை வந்து நின்றது.

"இந்தக் கை என்னைக்குக் காதத் தொடுதோ, அன்னைக்கு அம்மா வந்துருவேன் ஆத்தா."

அவள் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று பெற்றவள் வராமல் இருப்பாளா? நான்தான் அதற்கு வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கை காதைத் தொட்டால் அம்மா வந்து என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆறு வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு என்ன வேண்டும்?

அந்தக் கோடை முழுவதும் எனக்கு ஒரே வேலைதான். காலையில் எழுந்ததும் கையைத் தூக்கிப் பார்ப்பேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் போய்க் கல்தூண் கம்பியைப் பிடித்துத் தொங்குவேன், கை நீளட்டும் என்று. பந்தலுக்கு அடியில் பகலிலும் பச்சை இருட்டாக இருக்கும். மருந்து அடித்து நீலம் பாரித்த இலையின் வாசமும் அழுகிய பழத்தின் புளித்த வாசமும் வரும். தெருவில் என் வயதுப் பிள்ளைகள் இல்லாமலில்லை. அவர்கள் கூப்பிட்டால் போக மாட்டேன். நான் இந்த ஊர்க்காரி இல்லையே, போகப் போகிறவள்தானே, எதற்குப் பழக வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். அவர்களும் கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

மாமா நல்ல மனிதர், ஆனால் பேச்சு கிடையாது. அத்தைதான் எல்லாம். என் கைக்காக என்னைவிட அதிகம் பாடுபட்டது அவள்தான். தினமும் முட்டை. கேப்பைக் களி. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து, தோளிலிருந்து விரல் நுனிவரை உருவி உருவி விடுவாள். "இன்னும் ரெண்டு வெரல்தான் இருக்கு, ஆனிக்குள்ள எட்டிரும் பாரு" என்பாள். அவள் கை கதகதப்பாக இருக்கும். நான் சீக்கிரம் அம்மாவிடம் போக வேண்டும் என்று இந்த அத்தைக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்து அவள் மடியில் சாய்ந்துகொள்வேன். பள்ளிக்கூடத்தில் மாமா பெயரைக் காப்பாளராகக் கொடுத்துச் சேர்த்துவிட்டால் நான் அவளுடையவள் ஆகிவிடுவேன் என்பதற்காகத்தான் அவள் உருவி விட்டாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கைக்குச் சொந்தக்காரியான எனக்கு மட்டும் தெரியாது.

இதை இன்று நினைக்கும்போது சிரிப்பாக வருகிறது. ஒரே கையை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

வைகாசி கடைசியில் ஒருநாள் என் விரல் நுனி காது மடலைத் தொட்டுவிட்டது. பந்தலுக்கு அடியில் நான் மட்டும்தான் இருந்தேன். மறுபடி தூக்கிப் பார்த்தேன். மறுபடியும் தொட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டினேன். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்றே மாமாவிடம் சொல்லி மலைக்குத் தகவல் அனுப்பினாள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் அம்மாவும் அப்பாவும் வருவார்கள் என்றார்கள். என் கணக்கு பிசகவில்லை. கை தொட்டது, அம்மா வருகிறாள்.

சேர்க்கைக்கு முதல் நாள் மத்தியானம் வந்தார்கள். ஆனிக் காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு போன நாள். நான் வாசலிலேயே கையைத் தலைக்கு மேலே போட்டபடி நின்றேன்.

"அம்மா, பாரு, தொட்டுருச்சு!"

அவள் ஓடிவந்து தூக்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நின்று பார்த்தாள். என் விரலையும் காதையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா, தொட்டுருச்சு" என்றாள் மெல்ல. "அத்த பாத்துருச்சா?"

"அத்ததான் கைய உருவி விட்டுச்சு. அப்ப இன்னைக்கே போவமா?"

"நாளைக்குப் பெரிய வாத்தியாருகிட்டக் காட்டணும்ல. பெறகு பாப்போம்."

அவள் கொண்டுவந்த பையைக் குடைந்தேன். எனக்கு ஏதாவது தின்பண்டம் இருக்கும் என்ற ஆசை. வாழைக்காய் வறுவல் பொட்டலம் இருந்தது. அதற்கு அடியில் என் கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது, மேல் பொத்தான் இல்லாத அதே சட்டை. இந்த வெயிலுக்கு இது எதுக்கு என்று கேட்டேன். 'சும்மா, கையோட வந்துருச்சு' என்று சொல்லிப் பையை வாங்கி மூலையில் வைத்துவிட்டாள். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. மலைக்குப் போகிறவளுக்குத்தானே கம்பளிச் சட்டை வேண்டும்? நாளைக்கு நான் போகிறேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை அம்மா என்னை உட்கார வைத்துத் தலை சீவினாள். அத்தை புதுப் பாவாடை எடுத்து வைத்திருந்தாள், சிலேட்டும் வாங்கியிருந்தாள். ரெட்டைச் சடை போதும் என்றாள் அத்தை.

"மொத மொதப் பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள மதினி. வெறுந்தலையோட எப்படி அனுப்புறது? உச்சிக் கொண்ட போட்டு விடுறேன்" என்றாள் அம்மா.

அம்மா தன் தலையிலிருந்த சவுரியை உருவினாள். அதைச் சுருட்டி என் முடிக்குள் வைத்து உச்சந்தலையில் ஒரு கொண்டை போட்டாள். அதைச் சுற்றி மல்லிகை, அதற்கு மேலே கனகாம்பரம், நடுநடுவே மரிக்கொழுந்து. தேங்காய் பருமனுக்கு வந்துவிட்டது. சவுரி இல்லாத அம்மாவின் தலையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சுதான் மிஞ்சியது. கண்ணாடியில் பார்த்தேன், கல்யாணப் பெண் மாதிரி இருந்தேன். "இம்புட்டுப் பெரிய கொண்டையா?" என்று அத்தை கேட்டாள். அம்மா இன்னும் ஒரு முழம் பூவைச் சுற்றினாள்.

மீதி உங்களுக்கே தெரிந்திருக்கும். பெரிய வாத்தியார் முன்னால் போய் நின்றேன். பின்னால் அம்மா, அப்பா, அத்தை, மாமா. வாசல் வரைக்கும் கூட்டம், அவர் அவசரத்தில் இருந்தார்.

"கையத் தூக்கு ஆத்தா. தலையச் சாய்க்காத."

தூக்கினேன். கை கொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. எக்கினேன். தலையைச் சாய்த்தேன், அவர் பிரம்பு நுனியால் மோவாயை நிமிர்த்தினார். விரல் காதுக்கு மேலே காற்றில் துழாவியது.

"எட்டல. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க."

"வீட்டுல எட்டுச்சு சார்!" என்றாள் அத்தை.

"வீட்டுல எட்டுனா வீட்டுலயே படிக்கட்டும். அடுத்தது யாருப்பா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து மறைத்துக்கொண்டாலும் அவள் கண் சிரித்ததை நான் பார்த்தேன். என் கை எட்டவில்லை, நான் மலைக்குப் போக முடியாது, என் அம்மா சிரிக்கிறாள். எனக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு வலி வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பூவைப் பிய்த்து எறிந்தேன். சவுரியை உருவிப் போட்டேன். கையைத் தூக்கினேன், காது சுளுவாகக் கிடைத்தது. உள்ளே பெரியவர்கள் தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார்கள். எனக்குக் கேட்டது அப்பா சொன்ன ஒன்றே ஒன்றுதான்.

"அதெல்லாம் வேணாம். அடுத்த வருசம்தான சேக்கப் போறோம், அதுவரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்."

அழுதபடியே உள்ளறையில் படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியிருந்தது. பாவாடைச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரே அரிப்பு. அம்மா போய்விட்டிருந்தாள். பையும் இல்லை, கம்பளிச் சட்டையும் இல்லை. அத்தை என் கழுத்தைப் பார்த்து, 'வேர்க்குரு ஆத்தா, வெக்கைக்கு வந்துருக்கு' என்று சந்தனம் அரைத்துப் பூசினாள்.

அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூப்பிடுவதை விட்ட பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவர்கள் வாய்ப்பாடு கத்துவது பந்தல்வரை கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது, சொல்லிக் காட்டத்தான் ஆள் இல்லை. சிலேட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு அம்மா வந்தாள். தம்பி என் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தான். நான் அவள் பக்கத்தில் போகவில்லை. அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். 'வா ஆத்தா' என்று அம்மா கையை நீட்டினாள். நான் அசையவில்லை. அவள் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மடக்கிக்கொண்டாள்.

அடுத்த ஆனியில் ரெட்டைச் சடையோடு போய் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அம்மா வரவில்லை. இந்த வீட்டிலேயே வளர்ந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் குடித்தனமும் இங்கேயேதான். அம்மா வரப்போக இருந்தாள், சொந்தக்காரர்கள் மாதிரி. நானும் அவளுக்கு ஒரு சொந்தக்காரி மாதிரியே நடந்துகொண்டேன். நல்லது கெட்டதுக்குப் போவேன், சேலை எடுத்துக் கொடுப்பேன், சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன். அவள் செத்தபோதும் மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். 'எங்கம்மா ஒரு அலங்காரப் பைத்தியம், கை எட்ட வேண்டிய அன்றைக்குத் தலையில் தேங்காய் கட்டி அனுப்பியவள்' என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அப்படிச் சிரித்தால் கொஞ்சம் வலிக்காது.

இனி வகுப்புக்கு வருகிறேன். கதையைச் சொல்லி முடித்தேன், எல்லோரும் சிரித்தார்கள் என்றேனல்லவா? என் பக்கத்து பெஞ்சில் கம்பத்திலிருந்து வரும் ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா உட்காருவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், நான்கு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார்.

"கை எட்டணுங்கிற அன்னைக்கு எந்தத் தாயாச்சும் உச்சிக் கொண்ட போடுவாளாக்கா?" என்றார். "தெரிஞ்சேதான் போட்டிருப்பாக. உங்கள அங்கன விட அவுகளுக்கு மனசில்ல."

மேடம் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். குழந்தை எதைப் புரிந்துகொள்கிறது, எதைப் புரிந்துகொள்ளாமலே தூக்கிச் சுமக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கதவோரத்தில் முந்தானைக்கு மேலே அம்மாவின் கண் மட்டும் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சிரித்திருக்கிறாள். கை எட்டியிருந்தால் நான் மலைக்குப் போயிருப்பேன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கை எட்டாமல் போனால்தான் அந்தக் கம்பளிச் சட்டைக்கு வேலை இருந்திருக்கிறது. அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தச் சவுரிதான்.

வீடு வந்து சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அத்தே, அம்மா எனக்கு உச்சிக் கொண்ட போட்டது தெரிஞ்சேதானா?"

அவள் ரேடியோவை நிறுத்தினாள். என்ன கொண்டை, எப்போது என்று கேட்கவில்லை. இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி இருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். வாத்தியாரு எட்டலன்னு சொன்னாகளே, அப்ப அவ மொகத்தப் பாத்தேன். பாத்ததும் புரிஞ்சுபோச்சு."

"பெறகு உள்ள என்ன பேசுனீக?"

"பள்ளிக்கூடந்தான் இல்லன்னு ஆயிருச்சே, ஒரு வருசம் எங்கூட இருந்துட்டு வரட்டும் அண்ணேன்னு உங்கம்மா உங்க மாமா காலப் பிடிச்சா. உங்க மாமா சரின்னுட்டாக. நாந்தான் உங்கப்பாகிட்ட, வேணாம்ணே, மலையில இருமல் வந்துரும், இங்கனயே இருக்கட்டும்னு சொன்னேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒரு வருசம் போனா நீ திரும்பி வர மாட்டன்னு எனக்குத் தெரியும்டி. எனக்குன்னு யாரு இருந்தா?"

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தோலும் எலும்புமாக உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவியைத் தவிர இந்த வீட்டில் எனக்கும்தான் யார் இருக்கிறார்கள்? ஆனால் அம்மா நீட்டிவிட்டு மடக்கிக்கொண்ட அந்தக் கை கண் முன்னால் வந்து நின்றது. அழுதேன். அத்தை என்னைத் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இன்னொண்ணு இருக்கு. நீ அழுதுட்டு உள்ள படுத்துத் தூங்கிட்ட. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உங்கப்பா வாசல்ல நின்னு சத்தம் போடுறாக. அவ உள்ள போயி, கொண்டாந்த கம்பளிச் சட்டைய எடுத்து உனக்குப் போட்டு விட்டா. மேல ஊக்கும் குத்துனா. அந்த வெக்கையில உன்னைய மடியில போட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. பெறகு, நீ முழிக்காம மெல்லக் கழட்டி, பையில வச்சுக்கிட்டுப் போயிட்டா."

"நீங்க பாத்தீகளா?"

"கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். உள்ள போகத் தைரியம் வரல."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன், குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் உள்ளறைக்குப் போனேன். அன்று படுத்திருந்த அதே அறைதான், இப்போது அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் கிடக்கின்றன. இருட்டத் தொடங்கியிருந்தது, விளக்குப் போடவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அது வேர்க்குரு இல்லை.